மனுதாரரின் வாய்

திருவள்ளூர் பஜாரில் பல் வைத்தியம் பார்த்துவந்த துளசிராமனின் பெயரை இரண்டு வருஷத்துக்குப் பல் வைத்தியர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன பங்குனியில் அவன் பலகையைக் கழற்றினான். மணியக்காரர் விடாமல் மனுப்போட்டுச் சாதித்துவிட்டார் என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். நானும் மறுக்காமல் இருந்தேன். இனியும் அப்படி இருப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் அருணகிரி. செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு மைலில் உள்ள எங்கள் கிராமத்துக்கு நான் மணியக்காரன். எனக்கு முன் என் தகப்பனார், அவருக்கு முன் அவருடைய தகப்பனார். நாங்கள் எழுதி அனுப்பிய எதுவும் தப்பென்று தாலுகா கச்சேரியிலிருந்து திரும்பி வந்ததில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெண்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாது. பத்திரம், ரசீது, மனு எதிலும் ஏறாது. சர்க்கார் ஆள் வீடு வீடாக வந்து எழுதிப்போகும் வாக்காளர் பட்டியலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

1971 ஆவணியில் என் மனைவி கனகாம்பாளுக்குக் கீழ்த்தாடையில் இடப்புறம் பல்வலி வந்தது. எட்டு நாள் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் துளசிராமனிடம் அழைத்துப் போனேன். அன்று அமாவாசை. கோவிலுக்கு வந்த கூட்டத்தில் பாதி அவனுடைய கடையில் உட்கார்ந்திருந்தது போலிருந்தது. அவன் வேகவேகமாகக் கைகழுவிக்கொண்டு வந்தான்.

“அம்மா பேரு?” என்று சீட்டு எழுத உட்கார்ந்தான்.

“என் பேரை எழுது.”

“பல்லு அம்மாவுது, பேரு ஐயாவுதா?”

“எழுதுன்னா எழுது.”

சிரித்துக்கொண்டே எழுதினான். அருணகிரி, வயது 59, கீழ்த்தாடை இடப்புறம். அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன்.

“இதுதான்” என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வாயில் பஞ்சோடு ஏதோ சொன்னாள். “ரெண்டுமே கெட்டுப்போச்சும்மா, ஆடாம இரு” என்றான் அவன். அதற்கப்புறம் அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பிரசவத்தில்கூட அவள் அப்படிச் சத்தம் போட்டவள் அல்ல. பெஞ்சில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போகவில்லை. பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அவன் வெளியே வந்து, “வேர் கொஞ்சம் உள்ள நின்னுபோச்சு ஐயா. அது தானா வெளிய வந்துடும். உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொல்லுங்க” என்றான்.

வேர் வெளியே வரவில்லை. முகம் வீங்கியது. மூன்று மாதத்தில் தாடைக்குக் கீழே தோல் பிளந்து சீழ் வடிய ஆரம்பித்தது. துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். கடைசியில் சென்னைக்கு, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் பெயர் கேட்டார்கள். மிஸஸ் அருணகிரி என்று எழுதச் சொன்னேன்.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் ஒரு பெண் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். கனகாம்பாள் அப்போது மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள். உள்ளே ஒரு கடைவாய்ப் பல், வேரோடு முழுசாக இருந்தது. இன்னொரு பல்லின் உடைந்த மேல்பாதியும் இருந்தது. அவள் அதை வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

“இந்த முழுப் பல்லை முதல்ல எடுத்தானாம்மா?”

கனகாம்பாள் தலையாட்டினாள்.

“இது நல்ல பல்லு. சொத்தையே இல்லை. சொத்தைப் பல்லை அப்புறம் உடைச்சு வேரை உள்ள விட்டிருக்கான். எலும்பு அரிச்சுப்போச்சு.” டாக்டர் மேலும் சொன்னாள்: “இதை விடாதீங்க. பல் வைத்தியம் பண்றவங்க பேரெல்லாம் கவுன்சில்ல பதிஞ்சிருக்கும். படிச்சவங்க ஒரு பகுதி. படிக்காம அனுபவத்துல வந்தவங்க ஒரு பகுதி. நீங்க எழுதினா ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. தப்புன்னு தெரிஞ்சா பேரை எடுத்துடுவாங்க. பேரே பதியாதவனா இருந்தா போலீசுக்குப் போகலாம். நஷ்டஈடு வேணும்னா கோர்ட்டு, அது இழுக்கும். அவன் குடுத்த சீட்டு, இந்தப் பல்லு, எக்ஸ்ரே எதையும் தொலைச்சுடாதீங்க. நான் சர்ட்டிபிகேட் எழுதித் தரேன்.”

அவள் இவ்வளவையும் என் மனைவியைப் பார்த்தே சொன்னாள். “நான் பார்த்துக்கிறேன்” என்றேன்.

ஆபரேஷன் செய்து வேரை எடுத்தார்கள். சீழ் நின்றது. ஆனால் அவளுடைய வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கீழுதட்டில் இடதுபக்கம் உணர்வு போய்விட்டது. இனி அது திரும்பாது என்றார்கள்.

அடுத்த தை மாதம் என் பங்காளி அப்பாவு வீட்டுக் கல்யாணம். எனக்கு எதிர்ப் பந்தியில் அவள் உட்கார்ந்தாள். ரசம்சாதத்தைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். உதட்டில் நாலைந்து பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

“வாயைத் துடை” என்றேன். அவள் வலதுபக்கத்தைத் துடைத்தாள். “இந்தப் பக்கம்” என்று உரக்கச் சொன்னேன். பந்தி முழுக்க நிமிர்ந்து பார்த்தது. அவள் பாதி இலையில் எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு, நான் கைகழுவியதும், பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள். பேச்சும் குறைந்துபோயிற்று. வாய் திறக்காததால் பேசவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

துளசிராமனிடம் போனேன். “நல்ல பல்லைப் பிடுங்கினாய். வேரை உள்ளே விட்டாய். அதை உன் கையால் எழுதிக் கொடு” என்றேன்.

“எழுதிக் குடுத்துட்டு நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். காசு வேணும்னா வாங்கிக்கினு போங்க ஐயா. இல்லாட்டி அம்மாவுக்கு பல் செட்டு சும்மாவே கட்டித் தரேன்.”

“ஒரு விரல்கூட நுழையாத வாய்க்குப் பல் செட்டா?”

அவன் முகம் மாறியது. “எந்த அம்மா வாய்க்கு? அம்மாவுக்கு வைத்தியம் பார்த்ததா எங்கிட்ட ஒரு சீட்டும் இல்லியே. பொம்பள பேரு வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க.”

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே கவுன்சிலுக்கு மனு எழுதினேன். ஊரில் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக்கொடுத்தவன் நான். ஆனால் அந்த மனுவை இப்படி எழுதினேன்: “மேற்படி நபர் என் கீழ்த்தாடையில் இடப்புறம் இருந்த நல்ல பல்லைப் பிடுங்கி, சொத்தைப் பல்லை உடைத்து, வேரை என் தாடைக்குள்ளேயே விட்டுவிட்டார்.” கூட அந்தச் சீட்டை வைத்தேன். அதில் என் பெயர்தானே இருந்தது. எக்ஸ்ரேயையும் சர்ட்டிபிகேட்டையும் வைக்கவில்லை. அவற்றில் மிஸஸ் என்று இருந்தது.

தெரியாமல் செய்த தப்பென்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்கு நடந்த அநியாயம் எனக்கு நடந்ததுதான் என்று எண்ணினேன். அவள் பெயர் நாலு பேர் கையில் புரள்வதும், முன்பின் தெரியாத ஆண்கள் அவளுடைய வாயைத் திறந்து பார்ப்பதும் கூடாது என்று எண்ணினேன். விசாரணை என்றால் காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்பார்கள் என்பதுதான் தாலுகா கச்சேரியில் நான் கண்டது.

“எழுதிட்டீங்களா?” என்று மறுநாள் கேட்டாள்.

“எழுதியாச்சு.”

“எப்போ கூப்புடுவாங்க?”

“வரும்.”

அன்றிலிருந்து தபால்காரர் கலியன் சைக்கிள் மணி அடித்தால் அவள் வாசலுக்கு வந்தாள். இரண்டு மாதம் தினமும் வந்தாள். ஒருநாள் பின்கட்டில் அவள் தனக்குத்தானே பேசுவது கேட்டது. “எந்தப் பல்லுன்னு வெரல வெச்சிக் காட்டினேன் சார். இதுன்னு காட்டினேன். இது இல்ல, இதுன்னு ரெண்டாவது வாட்டியும் காட்டினேன்.” முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். கூப்பிட்டால் என்ன சொல்வது என்று பழகிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு கழனிப் பக்கம் போய்விட்டேன்.

கடிதம் ரிஜிஸ்தர் தபாலில் எனக்கு வந்தது. அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். மனுதாரர் இன்ன தேதியில் நேரில் வரவேண்டும், வாய்ப் பரிசோதனை செய்யப்படும் என்று இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அந்தத் தேதியில் திருவள்ளூருக்குக் கச்சேரி வேலையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வண்டி ஏறினேன்.

கவுன்சில் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என்னைவிட மூத்தவர். பெரிய டாக்டர். துளசிராமன் ஓரமாகக் கைகட்டி நின்றிருந்தான்.

“உட்காருங்க. வாயைத் திறங்க.”

நான் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை.

“வலிக்குதா? மெதுவா திறங்க.”

அறுபது வயதாகியும் எனக்கு ஒரு பல்லும் விழுந்ததில்லை. ஆடியதும் இல்லை. திறந்தேன். அவர் சின்னக் கண்ணாடியை விட்டு இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். மறுபடியும் இடதுபக்கம் பார்த்தார். சீட்டை எடுத்துப் படித்தார்.

“உங்க வாயில பல்லே எடுக்கலையே!”

துளசிராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

“என் மனைவிக்கு” என்றேன்.

“அவங்க எங்கே?”

“வீட்டில்.”

“எழுதப் படிக்கத் தெரியாதா?”

“தெரியும்.”

பெரியவர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ஐயா, இது பொய் மனு. இதை நான் தள்ளித்தான் ஆகணும். அவங்களே எழுதட்டும். நேர்ல வந்து வாயைக் காட்டட்டும். ஆனா இந்தச் சீட்டு உங்க பேர்ல இருக்கு. நான் எழுதினது உண்மை இல்லை, வைத்தியம் நடந்தது அவங்களுக்குத்தான்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அது இல்லாம அவங்க கேஸ் நிக்காது.”

“யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்தேன்.

மூன்று தலைமுறையாகத் திரும்பி வராத கையெழுத்தை வைத்து, நான் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுப்பதா? வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி முனிகிருஷ்ணன் வந்தான். அம்பத்தூரில் பிட்டர் வேலை, சோழவரத்தில் வீடு. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“மாமா, பஜார்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? துளசிராமன் கடையில உக்காந்துக்கினு கதை சொல்லிக்கினு கீறான். மணியக்காரரு மெட்ராசுக்கு வந்து பல்லைக் காட்டிட்டுப் போனாரு, முப்பத்திரெண்டும் முத்து மாதிரி கீதுன்னு. டீக்கடையில அவனவன் உழுந்து உழுந்து சிரிக்கிறான்.”

“வாசலில் நின்னு கத்தாதே. உள்ளே வா.”

“உள்ள வந்து இன்னாத்துக்கு? ஊருக்கே தெரிஞ்சி போச்சு. எங்க அக்கா ஒண்ணுக்குத்தான் தெரியாது.”

கனகாம்பாள் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பேசினால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போலத்தான் இருக்கும்.

“என்னைக் கூப்புடலியா அவங்க?”

“கூப்பிட்டாங்க. நான் போய்ட்டு வந்தேன்.”

“என் வாய்க்கு நீங்க போனீங்களா?”

“குடும்பத்து மானம்னு ஒண்ணு இருக்கு. கண்டவன் எல்லாம் உன் வாயைத் திறந்து பார்க்கணுமா?”

“துளசிராமன் பார்த்தானே. அப்போ நீங்க பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்க.”

அவள் உள்ளே போய் இரண்டு புடவையையும் எக்ஸ்ரே உறையையும் அந்தப் பொட்டலத்தையும் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். “சோறு வடிச்சி வெச்சிருக்கேன். குழம்பு அடுப்புல கீது” என்றாள். தம்பியோடு போனாள்.

குப்பாயி என்று ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தேன். காலையில் வந்து ஒரு வேளை சமைத்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். பொன்னேரியில் இருக்கும் என் மகள் சந்திரகலாவுக்கு எழுதினேன். “அம்மா சொன்னா வரேன்” என்று ஒரு வரியில் கார்டு போட்டாள். ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் யாரிடமும் இருந்ததில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது என் பல் அரைக்கும் சத்தம் எனக்கே கேட்டது. வறுத்த கடலையோ முறுக்கோ வாங்குவதை நிறுத்தினேன். அப்படியும் கேட்டது. பின்கட்டில் அவள் இத்தனை நாள் உட்கார்ந்த இடத்தில் ஒருநாள் தட்டோடு போய் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. அது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாற்பத்தி மூன்று நாள் கழித்து எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழிந்தது. ஐந்தாவது தாளில், “நான் முன்பு கொடுத்த மனுவில் கண்ட விவரம் உண்மையல்ல. தெரிந்தே எழுதினேன். வைத்தியம் நடந்தது என் பாரியாளுக்கு” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செங்குன்றத்தில் பஸ் மாறிச் சோழவரம் போனேன்.

முனிகிருஷ்ணன் நாற்காலி போட்டான். கனகாம்பாள் என் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

“பேரு இல்லியே.”

“பாரியாள்னு எழுதியிருக்கேனே.”

“எந்தப் பாரியாள்னு கேட்டா?”

“மாமாவுக்கு இன்னும் ரெண்டு மூணு கீது போல அக்கா, நமக்குத்தான் தெரில” என்றான் முனிகிருஷ்ணன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் தாடை இழுக்கும். கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பேனாவைத் திறந்து வரிக்கு மேலே கனகாம்பாள் என்று எழுதினேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் பெயரை நான் எழுதியது அப்போதுதான்.

அவளும் ஒரு மனு எழுதி வைத்திருந்தாள். கோடு போட்ட நோட்டில், பெரிய பெரிய எழுத்தாக. அதைக் காட்டினாள். “ஐயா, எனக்கு வலித்த பல்லை நான் விரலால் தொட்டுக் காட்டினேன்” என்று ஆரம்பித்தது. விலாசம் இல்லை. தேதி இல்லை. பொருள் என்று ஒரு வரி இல்லை. என் கை தானாகப் பேனாவை எடுத்தது.

அவள் நோட்டை இழுத்துக்கொண்டாள். “அப்படியே இருக்கட்டும்.”

“அவங்க கூப்பிட்டா நான் கூட வரேன்.”

“தம்பி வரான்.”

விசாரணைத் தேதியை முனிகிருஷ்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று காலை முதல் வண்டியில் நானும் சென்னைக்குப் போனேன். கவுன்சிலுக்குள் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் கடை ஓரத்தில் நின்றேன். அவளும் தம்பியும் உள்ளே போனார்கள். பிறகு துளசிராமன் போனான். அந்த ஆஸ்பத்திரிப் பெண் டாக்டரும் ஒரு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். அவளை யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வெளியே வந்தார்கள்.

கனகாம்பாள் என்னைப் பார்த்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. தெருவைக் கடந்து வந்தாள்.

“சாப்டீங்களா?”

“இல்லை. என்ன ஆச்சு?”

“வாயத் தொறக்கச் சொன்னாங்க. இவ்ளோதான் தொறக்கும்னேன். பெரிய டாக்டர் வெரல வெச்சி அளந்தாரு. அந்தப் பல்லை வாங்கி லைட்டுல பார்த்தாரு. எந்தப் பல்லைக் காட்டினேன்னு கேட்டாரு. காட்டினேன். எத்தினி வாட்டி காட்டினேன்னு கேட்டாரு. ரெண்டு வாட்டின்னேன். அவனைக் கேட்டாரு. அவன் அமாவாசைக் கூட்டம் சார், அவசரம் சார்னான். உங்க காகிதத்தையும் படிச்சாங்க.”

“சத்தமாகவா?”

“சத்தமாத்தான்.”

அப்பாவு வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. பேசிக் களைத்து, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள்.

“முடிவு?”

“எழுதி அனுப்புவாங்களாம்.”

“கலியனிடம் சொல்லி வைக்கிறேன். வந்த அன்றைக்கே நானே எடுத்துக்கொண்டு வந்து தருகிறேன்.”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கீழே பார்த்தான்.

“சோழவரம் விலாசம் குடுத்துட்டேன்” என்றாள்.

“சரி” என்றேன். “அங்கே தபால் சீக்கிரம் வரும்.”

அவர்களுடைய பஸ் நிற்கும் இடம் வேறு, நான் போகவேண்டிய ஸ்டேஷன் வேறு. முனை வரைக்கும் மூவரும் சேர்ந்து நடந்தோம். அவள் நடுவில் நடந்தாள். முனையில் அவர்கள் இடதுபக்கம் திரும்பினார்கள்.